குருவிக்குக் கல் தேடிய வாரம்

மொன்றியலுக்கு நான் குருவி பார்க்க வரவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆனால் அந்த நகரத்தை நான் சுற்றிப் பார்த்தது ஒரு குருவியால்தான். முதல் மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், ஒரே வாரத்தில், வடக்கே லவால் வரைக்கும் கிழக்கே துறைமுகம் வரைக்கும் போய்விட்டேன். அந்த வாரத்தைச் சொல்கிறேன்.

ஊரில் இருந்து வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தது கோட்-டெ-நேஜ் பக்கம், ஒரு நிலக்கீழ் வீட்டில். அதற்கு முன் வீடு கேட்டுப் போன இடமெல்லாம் ஆள் கூட என்று கதவைச் சாத்தினார்கள். அது அவர்கள் பிழையில்லை. ஆள் கூடத்தான்.

இந்த வீட்டுக்காரி மடாம் சுலிக்கா. அவரும் சங்கிலியைக் கழற்றாமல்தான் எட்டிப் பார்த்தார். பிரெஞ்சில் என்னவோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. குளிர்காற்று உள்ளே போக, தனக்குள் அரபில் குளிரைத் திட்டினார். நான் இங்கே வரமுன் வளைகுடாவில் கல் உடைக்கிற முகாமில் வேலை செய்தவன். “ஓம், சரியான குளிர்” என்று அரபில் சொன்னேன். சங்கிலி கழன்றது.

அவருடையது மொறோக்கோ அரபு. என்னுடையது கல்லுக்குவாரி அரபு. பாதிச் சொல் பொருந்தும், பாதி பொருந்தாது. வீடு வாடகைக்கு எடுக்க அது போதும்.

அவர் யூதப் பெண். புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை. வெள்ளி பொழுதுபடமுன் மெழுகுதிரி கொளுத்துவார். அதன் பிறகு சனி பொழுதுபடும்வரை அவர்கள் சமயத்தில் ஓய்வு நாள், சுவிச்சைத் தொட மாட்டார். என்னைப் போடச் சொல்லவும் மாட்டார். படியால் இறங்கி வந்து, “மேலே இருட்டாக இருக்கிறது” என்று மட்டும் சொல்வார். நான் போய் வெளிச்சத்தைப் போடுவேன். அடுத்த நாள் கடலை போட்ட சூப் ஒரு சட்டி வரும். உப்பில் ஊறிய தேசிக்காய் வரும். எங்கள் ஊறுகாய்க்குத் தூள் போட மறந்தது போல இருக்கும். சோற்றோடு நன்றாகப் போகும்.

அப்படி வெளிச்சம் போடப் போன ஒரு நாள்தான் அந்தக் குருவியைக் கண்டேன். அறை மூலையில் ஒரு கூடு. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கல் என்று நினைத்தேன். ஒரு கல் நடந்தது. பிறகு கத்தியது. கோயில் திருவிழாவில் சின்னப் பிள்ளைகள் ஊதுகிற தகரப் பீப்பியின் சத்தம், அப்படியே.

எனக்கு அது தெரிந்த சத்தம். எங்கள் முகாமைச் சுற்றி மரம் இல்லை, புல் இல்லை, மணல்கூட அதிகம் இல்லை. கண்ணுக்கெட்டின தூரம் கல். தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறியின் குழாய் ஒழுகும். பொழுதுபடுகிற நேரம் அந்த ஈரத்துக்கு இந்தக் குருவிகள் வரும். தடித்த சொண்டு, கல்லின் நிறம், நெஞ்சில் கொஞ்சம் ரோசா. அசையாவிட்டால் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. காற்று கொண்டுவந்து கல்லிடுக்கில் போட்ட விதையைப் பொறுக்கித் தின்னும். நாங்கள் பீப்பிக் குருவி என்போம். அந்த முகாமில் தகரக் கொட்டிலும் வெயிலும்தான். பார்க்கச் சந்தோசமாக இருந்தது அது ஒன்றுதான்.

மடாம் சுலிக்கா அதை ரொம்பெத் என்று கூப்பிட்டார், பிரெஞ்சில் ஊதுகுழல். அவருடைய ஊரும் தெற்கே கல்லுப் பாலையின் ஓரம்தான். அண்ணன் கொண்டுவந்து கொடுத்த குருவி. அண்ணன் பிறகு செத்துப்போனார்.

ஒரு வியாழக்கிழமை மடாமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைக்கப் போகிறார்கள் என்று சைகையால் காட்டினார். கூட்டை என்னிடம் தந்தார். விதைப் பை ஒன்று தந்தார். மேல்வீட்டுத் திறப்பையும், அதுதான் சாவியையும், தந்தார். காலையில் தினை, எப்போதும் தண்ணீர், யன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, டாக்சியில் ஏறமுன் திரும்பி நின்றார்.

“நான் வரும்போது இது உயிரோடு இருக்க வேணும்.”

சரி என்றேன். எனக்கு வீடு தந்த மனுசி. வேறு ஒன்றும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்தபோது கூடு பளபளவென்று இருந்தது. என்னோடு இருந்தவன் அருளப்பு. மன்னார்க்காரன், வேதக்காரன், உடுப்புத் தொழிற்சாலையில் மாலை வேலை. துப்புரவு என்றால் அவனுக்கு விசர். எங்கள் குசினியில் எறும்பு வர வெட்கப்படும். இரவு வேலையால் வந்ததும் அவனே சொன்னான்.

“கூட்டுக்குக் கீழ ஒரே கல்லும் பீயும் அண்ணை. மனுசி வருத்தக்காரி, ஏலாமல் விட்டிட்டா போல. எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சுபோட்டன்.”

கல், மணல் எல்லாம் குப்பைப் பைக்குள் போய், குப்பை லொறியும் வந்து போய்விட்டது. தட்டில் பிரெஞ்சுப் பேப்பர் ஒன்று மடிப்புக் கலையாமல் விரித்திருந்தான். அதன் நடுவில் குருவி நின்றது. அவன் நல்லதென்றுதான் செய்தான்.

சனிக்கிழமை குருவி சரியாகத் தின்னவில்லை. பேப்பரில் கால் வழுக்கியது. ஒரு மூலையில் போய் இறகை உப்பவைத்துக்கொண்டு இருந்தது. கிண்ணத்துத் தினையில் நாலைந்துதான் குறைந்திருந்தது. கத்தவும் இல்லை.

“தடியில ஏறி இருக்கலாம்தானே” என்றான் அருளப்பு. உள்ளே ஒரு தடி கட்டியிருந்தான்.

“இது கல்லுல இருக்கிற சாமான். மரத்தக் கண்டிராது” என்றேன். “கல்லு வேணும்.”

“கல்லுக்கு என்ன பஞ்சம்? மறுகா கொண்டாறன்.” மறுகா என்றால் எங்கள் மட்டக்களப்புப் பேச்சில் பிறகு. அதைச் சொல்லிக் காட்டி என்னைப் பகிடி பண்ணுவது அவன் வழக்கம்.

வெளியே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மொன்றியலில் மாரி காலத்தில் கல் இல்லை. நிலமே இல்லை. ஆள் உயரத்துக்குப் பனி. கடைசியில் அருளப்பு நடைபாதையில் கண்டுபிடித்தான். சறுக்காமல் இருக்க நகரசபை குறுணிக் கல் தூவுகிறது. ஒரு கோப்பை நிறைய வழித்துக்கொண்டு வந்தான். கூட்டில் போடமுன் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான். மன்னார்க்காரன் அல்லவா?

“உப்பு அண்ணை. எங்கட உப்பளத்திலயும் இவ்வளவு உப்பில்லை.”

கழுவினோம். உப்புப் போனது. மோட்டர் எண்ணெய் மணம் போகவில்லை. கொட்டிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் வேலை இல்லை. லவாலில் ஒரு பெரிய கடைத்தொகுதி, அதில் குருவிச் சாமான் விற்கிற கடை இருக்கிறது என்று பூசைக்குப் போன இடத்தில் அருளப்பு விசாரித்து வந்தான். மெற்றோவில் வடக்கே கடைசி ஸ்டேசன் வரை போனோம். அங்கிருந்து பஸ், பாலத்துக்கு மேலால். கீழே ஆறு கட்டியாக உறைந்து கிடந்தது. அதில் கதிரை போட்டு இருந்து, ஓட்டை குத்தி, ஒருவர் மீன் பிடித்தார். எங்கள் வாவியில் வள்ளம் வேணும், வலை வேணும். இவருக்கு ஒரு கதிரை போதும்.

கடைத்தொகுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். பூட்டு. எல்லாக் கடையும் பூட்டு. ஞாயிறு இங்கே கடை திறப்பதில்லை என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம். மீன் தொட்டிக்குப் போடுகிற கல், பை பையாக அடுக்கியிருந்தது. நீலம், ரோசா, வெள்ளை. அருளப்பு கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான்.

“நாளைக்கு வருவமா?”

நாளைக்கு என் வேலை முடியும்போது இந்தக் கடையும் பூட்டிவிடும். அவனுக்குக் காலையில் குடிவரவுக் கந்தோர், பின்னேரம் வேலை. திரும்பி நடந்தோம்.

வரும்போது மாறிப் பஸ் ஏறிவிட்டோம். அது எங்களை ஒரு வெட்டவெளியில், கடைசித் தரிப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நாங்கள் மட்டும் இருந்தோம். சாரதி திரும்பிப் பார்த்தார். மீசைக்காரர், வயது போனவர். எங்கே என்று கேட்டிருப்பார். அருளப்பு கையால் சிறகடித்துக் காட்டி, வாயால் பீப்பி ஊதி, பிறகு கழுத்தைச் சரித்துக் கண்ணை மூடிக் காட்டினான். சாரதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய, குருவிக்கு வருத்தம் என்பது விளங்கிவிட்டது. முகம் மாறியது. தன் பிளாஸ்கைத் திறந்து சூப்பை மூடியில் ஊற்றித் தந்தார். பட்டாணிச் சூப். எங்கள் பருப்புக் கறியேதான், தேங்காய்ப்பால் இல்லாமல். பன்றி இறைச்சி கிடந்தது. நான் அதை ஒதுக்க, அருளப்பு என்னுடையதையும் எடுத்துத் தின்றான். பிறகு அதே பஸ்ஸில் எங்களை மெற்றோ வாசலில் கொண்டுவந்து விட்டார். டிக்கட் கேட்கவில்லை.

திங்கள் நான் வேலைக்குப் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிற வேலை. கூப்பிடுகிற நாள் மட்டும் போவது. றெயில் பாதை ஓரமாகச் சல்லிக்கல் குவியல் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் போய்க் கிண்டினேன். குவியல் முழுவதும் ஒரே கட்டியாக உறைந்திருந்தது. கை வைக்க முடியவில்லை. என்னோடு வேலை செய்கிற றெஜான் இரும்பு அலவாங்கோடு வந்தார். பெரிய உடம்பு. ஓங்கிக் குத்தினார். பொறிதான் பறந்தது.

எதற்குக் கல் என்று கேட்டார். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுப் பண்டகசாலைக்குள் போனார். கம்பிக்கூடு போட்ட வேலைவிளக்கு ஒன்றோடு வந்தார், தன்னுடையதாம்.

“கல் சித்திரையில் தருகிறேன்” என்றார். “அதுவரை இதைக் கொளுத்தி வை. சூடு இருக்கும்.”

விளக்கைக் கூட்டுக்குப் பக்கத்தில் கொளுத்தி வைத்தேன். குருவி அந்தப் பக்கம் அரக்கி வந்து இருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் குடித்தது. அவ்வளவுதான். கையில் எடுத்துப் பார்த்தேன். நெஞ்செலும்பு கத்தி போல இருந்தது. பாரமே இல்லை.

மடாமிடம் போய் என்ன சொல்வது என்று அப்போது முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன். இதயத்தில் பெட்டி வைத்துப் படுத்திருக்கிற மனுசிக்கு உன் அண்ணனின் குருவி செத்துப்போச்சு என்று எந்த அரபில் சொல்வது? அருளப்பு அன்று இரவு வேலையால் வந்தும் சோறு தின்னவில்லை. நான்தான் எறிந்தது, நான்தான் எறிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

செவ்வாய் எனக்கு வேலைக்குக் கூப்பிடவில்லை. அருளப்பு காலையில் மருந்து எடுக்க மலைப்பக்கம் போனவன், ஓடி வந்தான்.

“அண்ணை, வெளிக்கிடுங்கோ. கல்லுக் கண்டிட்டன். பஸ்ஸுக்குள்ளால கண்டனான்.”

அவன் கூட்டிக்கொண்டு போனது மலையடியில் இருக்கிற ஒரு சவக்காலைக்கு. கல்லறைகளில் பாதி பனிக்குள் புதைந்து கிடந்தன. உயரமான நினைவுக்கற்கள் மட்டும் மேலே தெரிந்தன. குருசு ஒன்றையும் காணவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. ஒவ்வொரு நினைவுக்கல்லின் உச்சியிலும் சின்னச் சின்னக் கல். காற்றுக்குப் பனி நிற்காமல், காய்ந்து, துப்புரவாக.

“பாருங்கோ, ஒருத்தரும் வந்து கூட்டித் துடைக்கேல்லை. எல்லாக் கல்லறையிலயும் குப்பைக் கல்லு” என்றான். அவன் ஊரில் இறந்தவர்களின் திருநாளுக்கு முதல் சவக்காலைக்குப் போய்க் கல் பொறுக்கி, புல் பிடுங்கி, கழுவி, மெழுகுதிரி வைப்பார்கள். கல்லறையில் கல் கிடந்தால் அது சொந்தக்காரருக்கு வெட்கம்.

எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது. யாரோ வைத்தது போலவும் இருந்தது. கேட்க ஒரு ஆள் இல்லை. குருவியின் நெஞ்செலும்பு நினைவு வந்தது. எடுத்தேன்.

அருளப்பு எடுத்ததோடு நிற்கவில்லை. கல் எடுத்த இடத்தையெல்லாம் சால்வையால் துடைத்தான். வாய்க்குள் செபம் சொன்னான். என் இரண்டு சட்டைப்பையும் நிறைந்தது.

வீட்டில் கல்லை அவித்து, அடுப்பில் காயவைத்து, ஆறவிட்டுக் கூட்டில் பரப்பினோம். தினையைக் கிண்ணத்தில் வைக்கவில்லை. முகாமில் கண்டபடி கல்லிடுக்குகளில் தூவினேன். குருவி கொஞ்ச நேரம் பார்த்தது. ஒரு தட்டைக் கல்லில் ஏறியது. வழுக்கவில்லை. தலையைச் சரித்து இடுக்குக்குள் பார்த்து, ஒரு தினையைக் கொத்தி, உமியைத் துப்பியது. அருளப்பு என் கையைப் பிடித்தான். இன்னொன்று கொத்தியது.

வியாழக்கிழமை கத்தியது. கீழே இருந்த எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

வெள்ளி பின்னேரம், மெழுகுதிரி நேரத்துக்கு முன், மடாம் வந்தார். முகம் வெளிறி, ஒரு கையை நெஞ்சோடு வைத்தபடி. நான் கூட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். அருளப்பு பின்னால் வந்தான். குருவி அவரைக் கண்டதும் பீப்பி ஊதியது. அவர் கதிரையில் இருந்து, கூட்டை மடியில் வைத்து, என்னவெல்லாமோ அரபில் அதோடு கதைத்தார். எனக்கு விளங்காத பாதி அது.

பிறகு கல்லைக் கண்டார். இது தன்னுடைய கல் இல்லை என்றார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எங்கே எடுத்தாய் என்று கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். சவக்காலைக்கு எனக்கு அரபு தெரியும். முகாமில் அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது.

கல் அவர் கையிலேயே இருந்தது.

“சொல்லுங்கோ அண்ணை” என்றான் அருளப்பு, முகமெல்லாம் பல்லாக. “கல்லறையளையும் துடைச்சு விட்டனாங்கள் எண்டு சொல்லுங்கோ.”

அதையும் சொன்னேன்.

மடாம் எனக்கு விளங்குகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “எங்கள் வழக்கம். கல்லறைக்குப் போகிற ஆள் ஒரு கல் வைக்கும். ஒரு கல் என்றால், ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனது.”

அருளப்புவுக்குத் தமிழில் சொன்னேன். அவன் பல் மறைந்தது. சுவரோடு போய் நின்றான்.

“எங்களை எழும்பச் சொல்லுவாவோ?” என்று மெல்லக் கேட்டான். வீட்டை விட்டு என்ற அர்த்தம். எனக்கும் அதே யோசனைதான்.

மடாம் தான் தந்த திறப்பைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். அவர் அதைக் கையில் பிடித்திருந்தார். குசினியைக் காட்டி, அலுமாரியின் கீழ்த்தட்டைத் திற என்றார். திறந்தேன். ஒரு துணிப்பை நிறையக் கல். கூட்டுக்கு மாற்றிப் போடுகிற அவருடைய ஊர்க் கல், மண்நிறம். இவ்வளவு நாளும் எங்கள் தலைக்கு மேல் இருந்திருக்கிறது.

“திறப்புத் தந்தேனே. ஏன் பார்க்கவில்லை?”

“உங்கள் அலுமாரி” என்றேன்.

மடாம் என்னைப் பார்த்தார், அருளப்புவைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தையல் நோகுது, நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திறப்பைத் திரும்ப என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

எந்தக் கல் எந்தக் கல்லறையில் இருந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“சனி அங்கே பூட்டு. ஞாயிறு போங்கள். ஒன்றும் இல்லாத கல்லறைக்கு முதலில் வையுங்கள். மிச்சத்தை மற்றவர்களுக்கு.”

கூட்டில் இருந்த கல்லை எடுத்துக்கொண்டு ஞாயிறு போனோம். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. பாதை தெரியவில்லை. கால் தொடை வரை புதைந்தது. வெறுமையாகக் கிடந்த உயரமான நினைவுக்கற்களுக்கு எட்டி எட்டி வைத்தோம். அருளப்பு ஒவ்வொன்றுக்கும் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டான், தமிழில். கல் இல்லாத மற்றவை எல்லாம் தாழ்ந்த கல்லறைகள், பின்பக்கம், பனிக்குள். போக வழி இல்லை.

சவக்காலையில் வேலை செய்கிற ஒருவர் பனி அள்ளுகிற சவளோடு வந்தார். இரண்டு கறுத்த ஆட்கள் பனிக்குள் நிற்பதைக் கண்டு வந்திருப்பார். ஏதோ கேட்டார். நான் சட்டைப்பையில் இருந்த கல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பின்பக்கத்தைக் கை நீட்டிக் காட்டினேன்.

அவர் கல்லைப் பார்த்தார். யாருடைய ஆட்கள் என்று கேட்கவில்லை. சவளைப் பனிக்குள் குத்தி, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வெட்டிக்கொண்டு முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனோம்.